டயருக்குப் பதில் புத்தகம்

வடக்குப்பட்டில் லாரி வாங்கினவர்கள் உண்டு. நிலம் வாங்கினவர்கள் உண்டு. தாம்பரத்தில் ஒரு மனை வாங்கிவிட்டு அதையே வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. புத்தகம் போட்டவர் யார் என்று கேட்டால் ஒரே ஆள்தான், கோதண்டம். அதுவும் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத கோதண்டம். எந்தச் சபையிலும் இதை எழுந்து நின்று சொல்லலாம், எவனும் மறுத்துப் பேச முடியாது.

அரைக்கால் டிராயரோடு கிளீனராக ஏறி, டிரைவரிடம் ஸ்பேனரால் அடி வாங்கி, பிறகு ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் சொந்தமாக ஒரு வண்டியே வாங்கிய மனுஷன் அவர். அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து என்று ஒரு கைப்பிடி மண் கிடையாது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் நம்ம பக்கம், ஒரகடத்தைச் சுற்றி, ஏரியும் நெல்வயலும்தான் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரம் மட்டும் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. அதில் ஒரு கம்பெனியில் இரும்பு வார்ப்புச் சாமான் ஏற்றிப் போய்க் கல்கத்தாவில் இறக்குவார். திரும்பும்போது சணல் சாக்கு ஏற்றி வருவார். எந்த மேட்டில் எந்த கியர், எந்தக் கிணற்றில் குளித்தால் சொறி வரும், எந்தப் பாலத்தில் எதிர்வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும், அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த ரோட்டில் அவரைப் போல ஓட்டினவன் நம்ம பக்கத்தில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அதனால் புதுசாகக் கல்கத்தா லைனுக்குப் போகிற டிரைவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

"கோதண்டண்ணே, பெஜவாடா தாண்டி வண்டிய எங்கண்ணே போட்டுத் தூங்கறது?"

"அண்ணே, ஒரியாவுல பஞ்சர்னா இன்னான்னு கேக்கணும்?"

"பஞ்சர்னா அங்கயும் பஞ்சர்தான்டா. சரியாப் போட்டுக் குடுன்னு கேக்கத்தான் பாஷை வேணும்."

சொன்னதையே சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துப்போனது. ஒரு தடவை ஆந்திர எல்லையில் இச்சாபுரம் செக்போஸ்ட்டில் வண்டிகள் நகராமல் வரிசை கட்டி நின்றன. மற்ற டிரைவர்கள் லாரி நிழலில் துண்டை விரித்துச் சீட்டாடப் போனார்கள். கோதண்டம் கேபினில் உட்கார்ந்து, கிளீனர் பயல்களுக்குச் சொல்கிற மாதிரியே எழுத ஆரம்பித்தார். செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் அது வளர்ந்தது. கடைசியில் ஒரு பெரிய காகிதக் கட்டாகி, அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டார். 'ஸ்ரீபெரும்புதூர் டு கல்கத்தா.'

படித்தால் எழுத்து அதுபாட்டுக்கு ஓடும். "துனி தாண்டினதும் மேடு வரும், முன்னாடி போறவன் பின்னாடியே ஒட்டிக்கினு போவாத, அவன் வண்டி வழுக்கினா உன் மூஞ்சிமேலதான்" என்கிற தினுசில். ஆனால் அந்தக் கட்டில் ரோட்டைவிட ஆட்கள்தான் அதிகம். நெல்லூர் தாண்டி பஞ்சர் கடை வைத்திருந்த மஸ்தான் பாய், கையில் காசில்லாதவனுக்கும் டயரைக் கழற்றி மாட்டிவிட்டு 'திரும்பி வரும்போது குடு' என்பவர். கரக்பூர்ப் பக்கம் டாபா வைத்திருந்த சர்தார், தமிழ் வண்டியைப் பார்த்தாலே சோறு வடிக்கச் சொல்லுவார். ஒங்கோலில் இட்லிக் கடை ராஜலட்சுமி அம்மா. காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர். கோதண்டத்துக்கு மஞ்சள்காமாலை கண்டு வண்டியிலேயே சுருண்டு கிடந்தபோது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் கஞ்சி ஊற்றி எழுப்பி உட்கார வைத்தது அந்தம்மாதான். ஊருக்கு ஒரு ஆள் என்று எல்லார் பேரும், கடை இருக்கிற இடமும், அடையாளமும் எழுதியிருந்தார்.

எழுதியாயிற்று. இதை எப்படிப் புத்தகமாக்குவது?

முதலில் பட்டணம். கஞ்சி போட்ட வேட்டி சட்டை, துண்டில் சுற்றிய கட்டு, தாம்பரத்தில் மின்சார ரயில். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படி ஏறினால் ஒரு பதிப்பகம். பதிப்பாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உக்காருங்க. இது யார் எழுதினது?"

"நான்தான்."

"இல்லைங்க, உங்களுக்கு யார் எழுதிக் குடுத்தாங்கன்னு கேட்டேன்."

"அதுவும் நான்தான்."

மனுஷர் படிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு தடவை சத்தமாகச் சிரித்தார். ஒரு தடவை டீ வரவழைத்தார், தான் குடிக்க மறந்துபோனார். கோதண்டத்துக்கு உள்ளே என்ஜின் சூடேறின மாதிரி இருந்தது.

"இப்படி ஒண்ணு தமிழ்ல நான் பாத்ததில்லைங்க. நாங்க போடறோம். சர்க்கார் நூலகத்துக்கு எடுத்தாங்கன்னா ஜில்லா ஜில்லாவா போகும். உங்க பேரு ஒவ்வொரு நூலகத்துலயும் அலமாரியில இருக்கும்."

அலமாரியில் தன் பேர்! ஸ்ரீபெரும்புதூர் நூலகத்து வாசலில் அவர் எத்தனையோ தடவை வண்டியை நிறுத்தி டீ குடித்திருக்கிறார். உள்ளே காலை வைத்ததில்லை. இனிமேல் உள்ளே அவரே உட்கார்ந்திருப்பார்! இப்பவே கையெழுத்துப் போடு என்றாலும் போட்டிருப்பார்.

"ஆனா நடையைக் கொஞ்சம் திருத்தணும். நமக்குத் தெரிஞ்ச பேராசிரியர் ஒருத்தர் பாத்துக் குடுப்பார். முதல் பகுதியை வெச்சிட்டுப் போங்க."

அடுத்த டிரிப் முடிந்து போனபோது திருத்தின பக்கம் தயாராக இருந்தது. பதிப்பாளரே வாசித்துக் காட்டினார். "துனி நகரைக் கடந்தபின் அமைந்துள்ள மேட்டுப் பகுதியில் ஓட்டுநர்கள் முன்செல்லும் வாகனத்திற்கும் தமது வாகனத்திற்கும் இடையே போதிய இடைவெளி பேணுதல் நலம் பயக்கும்."

கோதண்டம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, எல்லாம் அழகாத்தான் கீது. இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி பள்ளத்துல கெடக்குமே."

பதிப்பாளர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். "சரி, நடையை உங்க போக்குல விட்டுடலாம்னு வைங்க. இந்தக் கடைப் பேருங்க இருக்கக் கூடாது. நூலகத்துக்குத் தேர்வு பண்றவங்க விளம்பரம்னு ஒதுக்கிடுவாங்க. மஸ்தான், ராஜலட்சுமி, எல்லாத்தையும் எடுத்துட்டு 'வழியில் உணவகங்கள் உள்ளன'ன்னு போட்டுடலாம்."

"உணவகம் உள்ளதுன்னு எனக்கே தெரியுமே ஐயா. எதுல சாப்டா வயித்தால போவாதுன்னு சொல்றதுக்குத்தானே புக்கு?"

"நான் சொல்றதைக் கேளுங்க. லாரி டிரைவர் புத்தகக் கடைக்கு வரமாட்டார். நூலகம் எடுத்தாத்தான் எனக்குப் போட்ட காகிதக் காசு திரும்பும்."

"அவன் கடைக்கு வரமாட்டான்தான். அவன் நிக்கற எடத்துக்குப் புக்கு போவணும்."

"அங்க போய் வித்துக் காசு வசூல் பண்ண என்கிட்ட ஆள் இல்லையே. அதுவும் தவிர, இப்ப சரின்னாலும் வெளிவர ஒண்ணரை ரெண்டு வருஷம் ஆகும். யோசிச்சு சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கோதண்டத்துக்குக் கஷ்டமாக இருந்தது. ரயிலில் வரும்போது ஒரு பக்கம் நூலக அலமாரி தெரிந்தது, இன்னொரு பக்கம் ராஜலட்சுமி அம்மா கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றார்.

இரண்டாவது வழி தானாகவே வாயைத் திறந்துகொண்டு வந்தது. படப்பையில் டயர் கடை வைத்திருந்த பச்சையப்பன், கோதண்டத்துக்கு மச்சான் முறை. லாரியின் பின்டயர் நான்கும் வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தன. புது டயருக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தோடு கோதண்டம் கடைக்குப் போனபோது புத்தகப் பேச்சும் வந்தது.

"இன்னா மச்சான், பட்டணத்தானைப் போய்க் கெஞ்சிக்கினு? நான் போடறேன்யா. மொத்த செலவும் என்னுது. வர்றவன் போறவனுக்கெல்லாம் ஓசியில குடுப்போம். அட்டையில நம்ம கடைப் பேரு, கீழ என் போட்டோ. டயர் நடுவுல நிக்கற மாதிரி."

"டயருக்கு நடுவுலயா?"

"ரோசாப்பூ மாலை போட்டா மாதிரி இருக்கும்யா! ஒண்ணே ஒண்ணு. உள்ள எவன் எவன் பஞ்சர் கடை பேரோ எழுதிக்கிறியே, அதெல்லாம் வேணாம். நம்ம கடை ஒண்ணு போதும்."

"துனியில பஞ்சர் ஆனவன் டயரை உருட்டிக்கினே படப்பைக்கு வரணுமா மச்சான்?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பச்சையப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "ஓசியில கெடைக்கறதுக்கு இவ்ளோ பேச்சா? நீயே போட்டுக்க. எவன் வாங்கறான்னு பாக்கறேன்."

அந்த வார்த்தைதான் கோதண்டத்தைக் கிளப்பியது. டயர் வாங்காமல் பணத்தோடு நேராக ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சுப்பிரமணியின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், ரைஸ் மில்லுக்கு பில் புக், இதுதான் அங்கே வேலை. புத்தகம் என்றதும் சுப்பிரமணி உற்சாகப்படவில்லை. மேலே கையைக் காட்டினார்.

"அண்ணே, பரண்ல பாருங்க. ஒரு வாத்தியார் போட்ட கவிதை. அவரு ரிட்டயரே ஆயிட்டாரு, புக்கு இன்னும் எடத்தை வுட்டு நவுரல. அச்சடிக்கறது பெரிய விஷயமே இல்லண்ணே. அடிச்ச கட்டைக் காலி பண்றது கீது பாருங்க, அதுல எத்தினியோ பேரு சட்டையைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. பதிப்பாளர் போடறேன்னு சொன்னா கால்ல வுழுந்துடுங்க."

"நீ இன்னா செலவாகும்னு சொல்லு."

சுப்பிரமணி காகிதம், மை, பைண்டிங், அட்டை எல்லாம் கூட்டிச் சொன்னார். ஐந்நூறு பிரதிக்குக் கிட்டத்தட்ட அந்த நாலு டயர் விலை. புது டயர் இல்லையென்றால் கல்கத்தா லைன் கிடையாது. பழசுக்கே மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ணிக்கொண்டு, பல்லாவரத்து ஜல்லி லோடு அடிக்கலாம். கல்கத்தாவுக்குப் போய் வந்தவன் ஜல்லி அடிப்பது என்றால், கவுரவம் என்று ஒன்று இருக்கிறதே!

வீட்டுக்கு வந்து கோவிந்தம்மாவிடம் சொன்னார். அந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது.

"இன்னாயா உனக்கு? டயர் இல்லாத வண்டிய நான் கயிறு கட்டி இழுக்கறதா?"

"ரீட்ரெட் பண்ணிக்கலாம்."

"ரீட்ரெட்டு உன் மூளைக்குத்தான் பண்ணணும்." கொஞ்ச நேரம் புடைத்தாள். பிறகு கேட்டாள், "அந்த ஒங்கோல்காரம்மா பேரு அதுல கீதா?"

"கீது. ஒரு பக்கம் பூரா."

"பட்டணத்துக்காரரு போட்டா இருக்குமா?"

"இருக்காது."

"பச்சையப்பண்ணன் போட்டா?"

"இருக்காது."

"அப்புறம் இன்னாத்துக்கு ஆளுங்களைக் கேட்டுக்கினு திரியற? அந்தம்மா இல்லன்னா இன்னிக்கு நான் வெள்ளைப் புடவை கட்டிக்கினு உக்காந்திருப்பேன். போ, போய் அச்சடி. ஒரு வருஷம் ஜல்லி அடிச்சா ஒண்ணும் தேஞ்சுட மாட்ட."

முடிவாகிவிட்டது! அதற்கப்புறம் கோதண்டம் கால் தரையில் பாவவில்லை. காலையில் ஜல்லி இறக்கிவிட்டு, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு அச்சகத்துக்கு ஓடுவார். ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கட்டையில் அடுக்குவதைப் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். "கண்ணாடியில பாக்கற மாதிரி தலைகீழா கீதே, எப்படிப்பா படிக்கற?" என்று கேட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் அவரும் தலைகீழாகவே படிக்கப் பழகிவிட்டார். சுப்பிரமணிக்குக் கை தானாகக் கல்யாணப் பத்திரிகைக்குப் போகும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'நிகழும் மங்களகரமான பிரஜோற்பத்தி வருடம்' என்று கோர்த்தேவிட்டார்.

"யோவ், எனக்கும் கல்கத்தாவுக்கும் கல்யாணமா?"

"ஒரு பழக்கம்தாண்ணே. இருந்துட்டுப் போவட்டுமே, மங்களகரமா இருக்கும்."

"சரி, இருந்துட்டுப் போவட்டும்."

முதல் தாள் ஈர மையோடு வெளியே வந்த அன்று, கோதண்டம் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். நெல்லூர் மஸ்தான் பாய் கொட்டை எழுத்தில் பளபளவென்று இருந்தார். வடக்குப்பட்டு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். வயலில் நின்றவர்கள் எல்லாம் யாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

புத்தகக் கட்டுகள் வீட்டுக்கு வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். இதைவிட நல்ல வேளை வேறு என்ன? ஸ்ரீபெரும்புதூர் லாரி ஸ்டாண்டில் அன்றைக்குச் சுற்றுவட்டார வண்டி எல்லாம் வாழைக்கன்று கட்டி, காகிதத் தோரணத்தோடு வந்து நிற்கும். லைனுக்குப் போகிற அத்தனை டிரைவரையும் ஒரே இடத்தில் பிடித்து விற்றுவிடலாம். மறுநாள் எல்லாரும் லோடு ஏற்றிக்கொண்டு பறந்துவிடுவார்கள்.

கோவிந்தம்மா ஒன்று சொன்னாள். "புது வண்டி வந்தா பூசை போடாம ரோட்ல வுடுவியா? புக்கும் அப்படித்தானே?"

நியாயம்தானே. அவளே உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். பூஜையன்று ஸ்டாண்டில் ஜாக்கி, ஸ்பேனர், டயர் லீவர் எல்லாம் வரிசையாக வைத்த இடத்தில், நடுநாயகமாகப் புத்தகக் கட்டுகள். பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். கோதண்டம் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தார்.

கூட்டம் மொத்தமும் அவர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

ஆயுத பூஜையன்று லாரி ஸ்டாண்டில் எல்லாமே சும்மாதான். பொரி, கடலை, சுண்டல், ஓனர் கொடுக்கிற லுங்கி, துண்டு, ஸ்வீட் டப்பா. சாமிக்கு முன்னால் வைத்த பொருளுக்கு விலை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற ஜனங்கள். குங்குமம் வைத்து, பொரியோடு பக்கத்தில் இருந்தால் அது பிரசாதம்தான். அன்பு என்கிற டிரைவர் பையன்தான் முதலில் வந்தான். இரண்டு கையாலும் வாங்கினான், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"குடுண்ணே, சாமி புக்கு!"

'இது விலைக்குடா' என்று கோதண்டத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. எப்படி வரும்? எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருத்தன் "மச்சினனுக்கு ஒண்ணுண்ணே" என்றான். இன்னொருத்தன் "ஓனருக்கு ஒண்ணு" என்றான். கிளீனர், மெக்கானிக், டீக்கடைக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லாரும் கையை நீட்டினார்கள். பொரிக்கு முன்னால் புத்தகம் தீர்ந்துபோனது. பூஜைப் பொருளை அன்றைக்குத் திறந்து படிக்கக் கூடாது என்பதால் ஒருத்தனும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கேபினுக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகிவிட்டார்கள்.

பச்சையப்பனும் வந்திருந்தார். ஒரு பிரதியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"மச்சான், வெலை எங்கயா போட்டிருக்குது?"

கோதண்டம் வாங்கிப் பார்த்தார். அட்டையில் இல்லை. உள்ளேயும் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு எவன் விலை போடுவான்? சுப்பிரமணிக்கும் தோன்றவில்லை, தலைகீழாகப் படிக்கக் கற்றுக்கொண்ட இவருக்கும் தோன்றவில்லை.

பச்சையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானும் ஓசியிலதான் குடுக்கறேன்னு சொன்னேன். என் காசுல குடுத்திருப்பேன். நீ உன் டயரைக் கழட்டிக் குடுத்துட்டியே மச்சான்!"

வீட்டுக்குப் போகும்போது கோவிந்தம்மா கேபினில் அழுதுகொண்டே வந்தாள். "என்னாலதான்யா. நான்தான் குங்குமம் வெச்சேன்."

"நீ வெச்ச, நான் குடுத்தேன். அழாத. பரண்ல மக்கலியே, அதைப் பாரு." வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை ஸ்டியரிங்கை நெரித்தது. இவ்வளவு பேசி, இவ்வளவு மார்தட்டி, கடைசியில் பொரியோடு பொரியாகப் போயிற்றே என்று உள்ளே எரிந்தது. பதிப்பாளர் சொன்னது சரிதானோ? கடைப் பேர்கள் இல்லாவிட்டாலும் புத்தகம் அலமாரியிலாவது இருந்திருக்குமே?

அப்புறம் ஜல்லி. ரீட்ரெட் டயரில் பல்லாவரத்துக்கும் படப்பைக்கும் ஜல்லி, ஜல்லி, ஜல்லி. பச்சையப்பன் கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து எவனாவது "சாமி புக்கு வந்துட்டாரு டோய்" என்பான். கோதண்டம் கியரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

தீபாவளி கழிந்து நல்ல மழை. ஒரு மத்தியானம் வடக்குப்பட்டு ரோட்டில் ஒரு லாரி காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து கோதண்டம் வீட்டு வாசலில் நின்றது. அன்பு குதித்து இறங்கினான். கல்கத்தா போய்த் திரும்பியிருந்தான்.

"அண்ணாத்தே! இன்னா புக்குண்ணே எழுதிக்கீற! நெல்லூர் தாண்டி டயர் வெடிச்சு நின்னேன். பேப்பர் கீப்பர் கெடைக்குமா, கையைத் தொடைக்கலாம்னு இந்தப் புக்கை எடுத்துத் தொறந்தா, உள்ள நான் நிக்கற எடமே கீது! மஸ்தான் பாய் கடை, புளியமரம், எல்லாம் அப்படியே!"

"கையைத் தொடைக்கறதுக்கா எடுத்த, நாயே?"

"தொடைக்கலண்ணே, சத்தியமா! நேரா பாய்கிட்ட போனேன். உன் பேரு இதுல கீது பாருன்னு காமிச்சேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டுன்னாரு. காட்டினேன். வேலையை வுட்டுட்டுத் தெருவுல கீறவங்களை எல்லாம் கூட்டியாந்துட்டாருண்ணே! இன்னொரு தபா படி, இன்னொரு தபா படின்னு... பஞ்சருக்குக் காசே வாங்கல. என் புக்கைத் தரவே மாட்டேன்னுட்டாரு. கடையில மாட்டி வெச்சுட்டாரு, சூடம் காட்டறாரு!"

"பாய் எப்படிடா சூடம் காட்டுவாரு?"

"சாம்பிராணிண்ணே. ஏதோ ஒண்ணு. கேளுண்ணே. அவருக்கு அம்பது புக்கு வேணுமாம். அவர் கடையில நிக்கற தமிழ் வண்டிக்கெல்லாம் அவரே விப்பாராம். அட்வான்ஸ்னு கொஞ்சம் காசைக் கையில குடுத்து அனுப்பிக்கீறாரு."

கோவிந்தம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "ஒங்கோல்காரம்மா? அவங்களைப் பாத்தியா?"

"பாத்தேன். படிச்சுட்டு அழுதுச்சு. 'எங்க ஊர்ல எனக்கு ரேஷன் கார்டுலகூடப் பேரு இல்ல, புக்குல போட்டுட்டானே கோதண்டம்'னு சொல்லிச்சு. கல்லாப் பக்கத்துல வெச்சு விக்க நூறு புக்கு வேணுமாம். அப்புறம் அதுக்குப் பக்கத்துக் கடைக்காரன் என்கிட்ட சண்டைக்கு வந்துட்டான். 'என் கடை மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு, என் பேரு ஏன் இல்ல'ன்னு!"

கோதண்டம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்பு மட்டும் இல்லை. அந்த வாரம் முழுக்க வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். பெஜவாடாவில் கேட்டார்கள், துனியில் கேட்டார்கள். கரக்பூர் சர்தார் தமிழ் எழுத்தே தெரியாமல் பத்துப் பிரதி கேட்டனுப்பியிருந்தார். எந்தப் பேர்களை எடுத்துவிடு என்று இரண்டு பேர் சொன்னார்களோ, அந்தப் பேர்க்காரர்களே இப்போது கடை விரித்து விற்கக் காத்திருந்தார்கள்! பட்டணத்துப் பதிப்பாளரிடம் இல்லாத ஆட்கள் கோதண்டத்துக்கு நெல்லூரிலிருந்து கரக்பூர் வரைக்கும் இருந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடை போட்ட பதிப்பகம் இந்தத் தமிழ்நாட்டில் வேறு எவனுக்காவது இருந்ததா, சொல்லட்டும் பார்ப்போம்.

வாரம் முடிந்த மறுநாள் காலையில் கோதண்டமும் கோவிந்தம்மாவும் சுப்பிரமணி அச்சகத்தில் நின்றார்கள்.

"இன்னும் ஆயிரம் அடிப்பா. உடனே!"

சுப்பிரமணி தலையில் கை வைத்துக்கொண்டார். "எழுத்தை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டேனேண்ணே! உங்க மஸ்தான் பாயைப் பிரிச்சுத்தான் மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து அடிச்சிருக்கேன். மொதல்லேருந்து கோர்க்கணும்."

"கோர்! நல்லதாப் போச்சு. ஒங்கோல்ல ஒருத்தன் சண்டைக்கு வந்திருக்கான், அவன் கடையிலயும் சாப்புட்டுப் பாத்துட்டு, நல்லா இருந்தா சேக்கலாம்."

"மங்களகரமான பிரஜோற்பத்தி வருடம் இருக்கணுமா, எடுத்துடலாமா?"

"இருக்கட்டும். அதுதான் ராசி."

"இந்தத் தபா குங்குமம் கெடையாது," என்றாள் கோவிந்தம்மா. "வெலையைப் போடுய்யா மொதல்ல. கொட்டை எழுத்துல."

எவ்வளவு போடுவது? சுப்பிரமணி ஒரு விலை சொன்னார், பட்டணத்துப் புத்தகங்களைப் பார்த்து. கோவிந்தம்மா இன்னொன்று சொன்னாள், நாலு டயரை நினைத்துக்கொண்டு. கோதண்டம் இரண்டையும் கேட்கவில்லை. ரோட்டில் நிற்கிற டிரைவரின் சட்டைப் பையில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"ஒரு பஞ்சர் ஒட்ட இன்னா குடுப்பானோ, அதைப் போடு," என்றார். "அதுக்கு மேல ஒரு பைசா வேணாம். எழுத்தை எடு சுப்பிரமணி, ஆரம்பி!"

சுப்பிரமணி ஈய எழுத்துப் பெட்டியை இழுத்தார். கோதண்டம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.